அரபிக்கடல் அமைதியான கடலா?

மேற்கே புயல் சின்னம் உருவாகும்போதெல்லாம் நம் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: “அரபிக்கடலில் உருவான புயலால் தமிழகத்துக்குப் பாதிப்பில்லை.” இந்த வரிக்குப் பின்னால் நெடுநாள் நம்பிக்கை ஒன்று இருக்கிறது. புயல் என்றால் வங்கக்கடல்; அரபிக்கடல் சாது. அபூர்வமாக வந்தாலும் வலுவிருக்காது, ஓமன் பக்கம் போய்க் கடலிலேயே அடங்கிவிடும். வட இந்தியப் பெருங்கடலின் 2019-ம் ஆண்டுப் புயல் கணக்கை எடுத்துவைத்துப் பார்த்தால், இந்த நம்பிக்கையின் ஒரு பகுதிகூடத் தேறாது.

“புயல் என்றால் வங்கக்கடல்தான்”

நூறாண்டுச் சராசரியைப் பார்த்தால் இது சரிதான். வங்கக்கடலில் நான்கு புயல் என்றால் அரபிக்கடலில் ஒன்று என்பதே பழைய விகிதம். அதற்குக் காரணங்களும் உண்டு. வங்கக்கடலின் நீர் எப்போதும் சூடானது. பசிபிக்கில் வலுவிழந்த புயல்களின் மிச்சமும் அங்கே வந்து மீண்டும் உயிர்பெறும். அரபிக்கடலிலோ பாலைவனத்து வறண்ட காற்று மேகத் திரளைக் கலைத்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியக் கரையோரம் அடியிலுள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டுவரும்.

2019-ல் அந்தச் சராசரி தலைகீழானது. அந்த ஆண்டு உருவான 8 புயல்களில் வாயு, ஹிக்கா, கியார், மகா, பவன் ஆகிய ஐந்தும் அரபிக்கடலில் வீசியவை. வங்கக்கடலின் கணக்கில் பபுக், ஃபானி, புல்புல் என்ற மூன்றுதான். அவற்றிலும் பபுக், புல்புல் இரண்டின் மூலம் தென்சீனக் கடல் பக்கம் இருந்தது.

“வந்தாலும் வலுவிருக்காது”

அரபிக்கடலின் ஐந்தில் பவனைத் தவிர மற்ற நான்கும் மிகத் தீவிரப் புயல் என்ற நிலையை எட்டின அல்லது தாண்டின. அக்டோபர் இறுதியில் கியார் சூப்பர் புயலானது. 2007-ல் வந்த கோனுவுக்குப் பிறகு அரபிக்கடல் கண்ட முதல் சூப்பர் புயல் அதுதான். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மதிப்பீட்டில் கியாரின் உச்ச வேகம் மணிக்கு 240 கி.மீ.; அதே ஆண்டு ஒடிசாவைப் புரட்டிப்போட்ட ஃபானிக்கு 215 கி.மீ. கியார் அடங்கும் முன்பே லட்சத்தீவுக்கு அருகே மகா உருவாகிவிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு புயல்கள் சுழன்ற கடலைச் சாது என்பது எப்படிப் பொருந்தும்?

“கரைக்கு வராமல் கடலிலேயே அடங்கிவிடும்”

எல்லாம் அடங்கிவிடவில்லை. செப்டம்பரில் ஹிக்கா ஓமனின் துக்ம் அருகே கரையேறியது. டிசம்பரில் பவன் சோமாலியாவில் இறங்கியது. ஜூனில் வாயுவுக்குப் பயந்து குஜராத்தில் ஏறத்தாழ 3 லட்சம் பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. கடைசி நேரத்தில் அது விலகியது நம் நல்ல காலம். கியார் எங்கும் கரையேறவே இல்லை. ஆனாலும் அது எழுப்பிய அலை ஓமனிலும் ஐக்கிய அரபு அமீரகத்தின் கல்பாவிலும் கராச்சியிலும் கரையோரத் தெருக்களுக்குள் கடல்நீரைக் கொண்டுவந்தது.

“கடலிலேயே அடங்கிவிடும்” என்ற பேச்சில் இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு: கடலில் ஆள் இருக்கிறார்கள் என்பதை அது மறந்துவிடுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பது அரபிக்கடலில்தான். அவர்களின் விசைப்படகு மணிக்கு 7, 8 கடல் மைல்தான் ஓடும். கரையிலிருந்து 250 கடல் மைல் தொலைவில் இருக்கும் படகுக்கு எச்சரிக்கை உடனே கிடைத்து, அந்த நொடியே திரும்பினாலும் கரைசேர 30 மணி நேரத்துக்கு மேலாகும். அவ்வளவு தூரத்துக்குக் கரையின் வயர்லெஸ் எட்டாது. 2017-ல் ஒக்கி நவம்பர் 29-ம் தேதி இலங்கையருகே தாழ்வு மண்டலமாக இருந்தது. மறுநாள் காலை குமரிக் கடலில் புயலாகியிருந்தது. தமிழகத்திலும் கேரளத்திலும் மீனவர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள், காணாமல் போனார்கள். அரபிக்கடல் புயலால் தமிழகத்துக்குப் பாதிப்பில்லை என்று இந்தக் கிராமங்களில் நின்று யாரும் சொல்ல முடியாது.

“2019 ஒரு விதிவிலக்கு”

இதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகவும் சுமத்ரா பக்கம் குளிர்ந்தும் இருந்தது. ‘இந்தியப் பெருங்கடல் இருமுனை’ எனப்படும் இந்த நிலை அன்று மிகத் தீவிரமாக இருந்தது உண்மை. 1902-லும் அரபிக்கடலில் ஐந்து புயல்கள் பதிவாகியிருப்பதும் உண்மை.

ஆனால் முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். 2015 நவம்பரில் சபாலா, மேக் என இரு புயல்கள் சில நாள் இடைவெளியில் ஏமனைத் தாக்கின. 2018-ல் சாகர், மெகுனு, லுபான் மூன்றும் அரேபிய, ஆப்பிரிக்கக் கரைகளில் ஏறின. 2020-ல் நிசர்கா மகாராஷ்டிரத்திலும், 2021-ல் தவ்தே குஜராத்திலும் இறங்கின. 2023-ல் பிபர்ஜாய் ஏறத்தாழ 10 நாள் கடலில் அலைந்து குஜராத்தைத் தாக்கியது. இத்தனை விதிவிலக்குகள் வரிசையாக வந்தால் மாற வேண்டியது விதிதான். 1982 முதல் 2019 வரையிலான பதிவுகளை ஆராய்ந்த புணே இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவன அறிவியலாளர்கள், இந்த நூற்றாண்டில் அரபிக்கடல் புயல்கள் 52% கூடியுள்ளதையும் மிகத் தீவிரப் புயல்கள் 150% கூடியுள்ளதையும் கண்டார்கள். கடல் மேற்பரப்பு சூடாகி வருவதை அவர்கள் இதனுடன் தொடர்புபடுத்துகிறார்கள். இருமுனை ஆண்டுக்கு ஆண்டு மாறும். கடலில் சேர்ந்த வெப்பம் அப்படி விலகிவிடாது.

வங்கக்கடலின் ஆபத்து குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆனால் அங்கே அச்சம் அக்கறையாக மாறியிருக்கிறது. 1999-ல் ஏறத்தாழ 10,000 உயிர்களைப் பறிகொடுத்த ஒடிசா, அதன்பின் கரையெங்கும் புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டியது. ஃபானி வந்தபோது 12 லட்சம் பேரை வெளியேற்றியது. சாவு பத்துகளின் கணக்கில் நின்றது. அதே அக்கறை மேற்குக் கரைக்கும் வேண்டும். ஆழ்கடல் போகும் ஒவ்வொரு படகிலும் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை தரும் கருவி இயங்க வேண்டும். காற்றழுத்தம் தாழ்வாக இருக்கும்போதே, புயலாகும்வரை காத்திருக்காமல், தொலைவிலுள்ள படகுகளைத் திருப்ப வேண்டும். அதனால் இழக்கும் நாள் வருமானத்தை அரசு ஈடுசெய்ய வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னால் ஊடகங்கள் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. அரபிக்கடலில் புயல் உருவானால் தமிழகத்துக்குப் பாதிப்பில்லை என்று அறிவிக்கும் முன், எத்தனை தமிழகப் படகுகள் அந்தக் கடலில் இருக்கின்றன என்று மீன்வளத் துறையைக் கேட்டுச் சொல்லட்டும்.