கூடைக்கு அடியில் முழங்கை

கெலவரப்பள்ளி அணைக்கு அருகிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவருக்கு ஒசூரில் ஆலை வேலை. மகன் பள்ளியில் கூடைப்பந்து ஆடுகிறான். சென்ற வாரம் உதடு கிழிந்து வீடு திரும்பினானாம். “அந்த ஆட்டமே அப்படித்தான், இடிபடத்தான் செய்யும்” என்கின்றனராம் அண்டை வீட்டார். ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்பது அவரது வினா.

அன்புச் சகோதரி, நிறுத்த வேண்டாம். ஆயினும் அண்டை வீட்டார் கூற்றையும் நம்ப வேண்டாம். இடிப்பது கூடாது என்பதற்காகவே வகுக்கப்பெற்ற ஆட்டம் அது. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதனை உருவாக்கினார். முரட்டு ரக்பி ஆடிப் பழகியவர் அவர். இலக்கு தரையில் இருந்தால் பந்தை வேகமாக எறிவர், மோதுவர் என்று எண்ணி, கூடையைத் தலைக்கு மேலே மாட்டினார். அங்கே முரட்டு வலிமை உதவாது. பந்தை மென்மையாக வளைத்து எறிய வேண்டும்.

ஆயினும் முதல் ஆட்டம் அடிதடியில் முடிந்ததாக 1939இல் வானொலியில் அவரே கூறினார். ஒருவன் நினைவிழந்தான், சிலருக்குக் கண் வீங்கிற்று, ஒருவனுக்குத் தோள் மூட்டு விலகிற்று. அவருடைய 13 விதிகளுள் ஒன்று, தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளுதல், தடுக்கி வீழ்த்தல், அடித்தல் அனைத்தையும் விலக்கியது. இரண்டாம் தவறுக்கு, அடுத்த கூடை விழும்வரை வெளியேற்றம். வேண்டுமென்றே காயப்படுத்தினாலோ ஆட்டம் முழுவதற்கும் வெளியேற்றம், மாற்றாளும் கிடையாது! அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்.

இன்று உடல் பட்டாலே தவறு என்பதில்லை. நின்ற இடத்தில் கைகளை நேரே உயர்த்துவது அவரவர் உரிமை. முழங்கையை வீசுவதும், எகிறியவன் இறங்குமிடத்தில் காலை நீட்டுவதும் வேறு. இரண்டாவது மிகக் கொடிது, கணுக்காலே போய்விடும். நடுவர் பாராத வேளையில் எதிராளியின் பனியனைப் பற்றி இழுத்து, அதைத் திறமை என்று எண்ணியவன்தான் நானும்.

ஆதலால் உதடு எவ்வாறு கிழிந்தது என்று மகனிடம் பொறுமையாகக் கேளுங்கள். அவன் முழங்கை எவர்மீது பட்டது என்பதையும் கேளுங்கள். முன்னாளில் தவறிழைத்தவர் தாமே கையுயர்த்தி ஒப்புக்கொள்ளும் வழக்கம் பல ஆடுகளங்களில் இருந்தது. நடுவரில்லாத மாலை ஆட்டங்களில் அவன் அவ்வாறு கையுயர்த்தியதுண்டா? அவன் கூறும் விடையை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.