நகைக்குப் பண் அமைத்தல்

அறிந்த கதையை மீண்டும் காண மக்கள் திரள்வது நமக்குப் புதிதன்று. கோவலன் கொலையுண்பான் என்பதை நன்கறிந்தே, கூத்துக் களரியில் விடியுமளவும் கண்விழித்திருந்த பரம்பரை நம்முடையது. ஆயினும், அறிந்த நகையை மீண்டும் கேட்டுச் சிரிப்பதற்கு மாந்தர் திரள்வரோ என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக இருந்தது. அவலம் பலகாற் கண்டாலும் கண்ணீரைத் தரும். நகையோ ஒருமுறை கேட்டதும் கூர் மழுங்கிவிடும் என்று மாணாக்கருக்கு யானே கூறியதுண்டு. அக்கூற்றைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு 2022 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் எனக்குக் கிடைத்தது. ஆங்கு வாழும் என் மருமகன், ஹேமார்க்கெற் வீதியிலுள்ள றோயல் அரங்கிற்கு என்னை அழைத்துச் சென்றான். கண்டது, ‘ஒன்லி பூல்ஸ் அன்ட் ஹோர்சஸ்’ என்னும் இசை நாடகம்.

மூடரும் குதிரைகளுமே உழைப்பர் என்னும் பழமொழியிலிருந்து பெயர்பெற்ற இக்கதை, 1981 ஆம் ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. இதனை எழுதியவர் ஜோன் சலிவன். தென் இலண்டனில் எளிய குடியிற் பிறந்தவர். அந்நிறுவனத்திலேயே காட்சிப் பொருள்களைத் தூக்கி வைக்கும் தொழிலாளராக இருந்து எழுத்தாளராக உயர்ந்தவர். பெக்கம் என்னும் பகுதியில், மாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழும் தெரு வியாபாரி டெல். தாய் இறக்க, தந்தை கைவிட, அவன் தூக்கி வளர்த்த தம்பி றொட்னி. இவர்களோடு ஒரு முதிய பாட்டனார். மூன்று சில்லு வண்டியிற் பழுதுற்ற பொருள்களை ஏற்றி விற்றுக்கொண்டே, கோடீசுவரராவோம் என்று ஆண்டுதோறும் கனாக் காண்பவன் டெல். அக்கனவு நனவான 1996 ஆம் ஆண்டு நத்தார்க் கால நிகழ்ச்சியைப் பிரித்தானியாவில் 2 கோடியே 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர்.

நகைக்கு நிலைக்களன் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என வகுத்தார் தொல்காப்பியனார். இந்நான்கும் இக்கதையிற் குறைவின்றி உள. பொருளறியாது பிரெஞ்சுத் தொடர்களை உதிர்ப்பது டெல்லின் பேதைமை. தமையன் சொல்வதையெல்லாம் நம்பித் துன்புறுவது றொட்னியின் மடன். வளர்ந்தும் பிள்ளைத்தன்மை தீராமை இருவர்க்கும் உரிய இளமை. மதுச்சாலையிற் கூடும் நண்பரிடையே எள்ளலுக்குக் குறைவேயில்லை. எனினும், இந்நான்கின் அடியிலும் ஐந்தாவதாக ஒன்று மறைந்து கிடக்கின்றது. அது துயரம். டெல் அதனை வாய்விட்டுச் சொல்லான். பகடி பேசி மூடிவிடுவான்.

பாட்டனாராக நடித்த லெனார்ட் பியர்ஸ் 1984 ஆம் ஆண்டு இறுதியிற் காலமானார். அடுத்த ஆண்டில், கதையிலும் பாட்டனாருக்கு ஈமக்கடன் நிகழ்ந்தது. அவருடைய தொப்பி என்று கருதிச் சகோதரர் இருவரும் குழியில் இட்ட தொப்பி, சடங்கு நிகழ்த்திய குருவானவருடையது எனப் பின்னர் தெரியவரும். அழுகையின் விளிம்பில் நின்ற கோடிக்கணக்கானோர் அவ்வேளை வாய்விட்டுச் சிரித்தனர். அச்சிரிப்பினால் துயரம் குறைந்ததில்லை, தாங்கத்தக்கதாயிற்று.

இத்தகைய கதையைப் பாட்டாக்குவதில் உள்ள இடர் இப்பொழுது விளங்கும். பாட்டு என்பது உள்ளத்தைத் திறந்து காட்டுவது. இந்நகையோ உள்ளத்தை மூடிவைப்பதனாற் பிறப்பது. டெல் தன் துயரை மேடைக்கு நடுவே நின்று பாடத் தொடங்குவானாயின், அவன் டெல் ஆகான். மற்றொரு புறம், நகையையே பாட்டில் வைத்து நீட்டினால் அதன் உயிர் போய்விடும். 1989 ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்றில், மதுச்சாலைப் பலகையின் மடிப்பு உயர்த்தப்பட்டதை அறியாமல், அதன்மேற் சாயப் போன டெல் மரம்போற் சரிந்து விழுவான். கண்ணிமைக்கும் பொழுது அது. அதற்கு எந்தப் பண்ணும் வேண்டியதில்லை.

ஆயின் பாட்டுக்கு இடமே இல்லையோ? உண்டு. அதே 1989 இல், றொட்னியின் திருமணம் முடிந்து மணமக்கள் சென்றபின் டெல் மண்டபத்தில் தனித்து நிற்கும் காட்சி ஒன்று வந்தது. அவன் யாதும் உரையான். ‘சிம்ப்ளி ரெட்’ குழுவினரின் பாடலொன்று பின்னணியில் ஒலிக்கும். கமரா அவன் முகத்தைக் காட்டும். மகன்போல் வளர்த்த தம்பியைப் பிரிந்தவனின் வெறுமையை அம்முகமே கூறிற்று. ஏறத்தாழத் தொளாயிரம் பேர் அமரும் அரங்கின் மேன்மாடத்திலிருந்து நோக்குவோர்க்கு அம்முகம் தெரியாது. நாடகத்தில் அப்பாடலே முகத்தின் தொழிலை ஏற்றது. அதுவரை, நடிகர் வாய்திறக்குமுன்னரே அடுத்த பகடியைத் தாமே முணுமுணுத்துச் சிரித்துக்கொண்டிருந்த என் அயலிருக்கை முதியவர், அப்பொழுது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிந்த நகைக்காக வந்தவர், அதனடியில் இருந்ததை அன்று கேட்டார் போலும்.

நகை நின்ற இடத்திற் பாட்டுத் தொடங்க வேண்டும் என்பதே யான் அங்குக் கற்ற பாடம். இவ்வளவையை வைத்து நோக்கின், அந்நாடகத்திலும் குறை உண்டு. முன்னரே சிரித்துத் தீர்ந்ததைத் தாளம் போட்டு மறுபடியும் சொல்லும் பாடல்கள் சில இருந்தன. அவை இன்பந்தந்தன, ஆயின் புதிதாக ஒன்றும் தந்தில. பழம்புகழை வைத்துப் பொருளீட்டும் முயற்சி எனச் சிலர் குறைகூறுவதற்கு இத்தகைய இடங்களே காரணமாகும்.

எனினும், அக்குறையொன்றையே நோக்கி முழுவதையும் தள்ளுதல் நீதியாகாது. சலிவன் தம் தொடரின் முகப்புப் பாடலைத் தாமே எழுதித் தாமே பாடியவர். இசை அவருக்குப் புறம்பானதன்று. இக்கதையை இசை நாடகமாக்கும் எண்ணமும் அவருடையதே. பாடகர் சாஸ் ஹொட்ஜசுடன் அதுபற்றிக் கலந்திருந்த அவர், 2011 இல் மறைந்தார். ஹொட்ஜசும் 2018 இல் மறைந்தார். எஞ்சிய பணியை மகன் ஜிம் சலிவனும் நடிகர் போல் வைற்ஹவுசும் முடித்து, 2019 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அரங்கேற்றினர். வைற்ஹவுஸ் பாட்டனாராகத் தோன்றினார். கதையில் முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்ட கிழவர், தம் நாற்காலியில் மீண்டும் வந்து அமர்ந்தார். பெருந்தொற்றால் இடையிற் பூட்டிக் கிடந்தும், 2023 ஏப்பிரல் வரை அவ்வரங்கில் நாடகம் நடந்தது.

முன்னோர் விட்டுச்சென்ற செல்வத்தை அப்படியே பெட்டியிற் பூட்டி வைப்பவனும் நல்ல மரபுரிமையாளன் அல்லன். சில்லறையாக மாற்றிச் செலவழிப்பவனும் அல்லன். அதில் இன்னும் சொல்லப்படாது எஞ்சியிருப்பதைக் கண்டு சொல்பவனே அப்பெயர்க்கு உரியவன். நகைச்சுவைக்குப் பண் அமைக்கப் புகுவோர், எங்கே சிரிப்பார்கள் என்று கணக்கிடுமுன், சிரித்து ஓய்ந்தபின் அவையோர் எதை நினைத்து மௌனமாவர் என்று எண்ணிப் பார்ப்பாராக. பாட்டுக்குரிய இடம் அதுவே.