பங்குக் கிணறும் திறவுகோலும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வரையுமாறு பணிக்கப்பெற்ற நாம், கல்லூரியின் பழம்பெருமை பேசுதலை அதற்குரிய பெரியோர்க்கு விடுத்து, சங்கங்கள் பலவற்றிற் கவனிப்பாரற்றுக் கிடக்கும் கருமம் ஒன்றினைப் பற்றி எமது கருத்தை உரைக்கத் துணிந்தோம். இணையத்தளத்தை அதன் பின்னே மறைந்திருக்கும் தரவுத்தளத்தோடு பொருத்தும் இணைப்பே அக்கருமம். இது கணினி வல்லார்க்குரிய நுட்பமன்றோ, எமக்கு இதனால் ஆவதென்ன எனப் பக்கத்தைப் புரட்ட எண்ணும் அன்பர்கள் சிறிது பொறுப்பார்களாக. சங்கத்தின் இடாப்பு எங்குளது, அதனைத் திறக்கும் திறவுகோல் எவர் கையிலுளது என்பதே நாம் எழுப்பும் வினா.

முன்னாளில் இடாப்பு என்பது தடித்த அட்டையிட்ட புத்தகம். காரியதரிசியின் அலுமாரியில் அது பூட்டப்பட்டிருந்தது. இந்நாளில் அங்கத்தவரின் பெயர், பயின்ற ஆண்டு, வதியும் நாடு, செலுத்திய சந்தா ஆகிய யாவும் தரவுத்தளத்தில் நிரையும் நிரலுமாக அமைந்த அட்டவணைகளிற் பதியப்படுகின்றன. இம்முறைக்கு அடிகோலியவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆய்வு நிகழ்த்திய எட்கர் கொட் என்பார். அவரது கட்டுரை 1970 இல் வெளிவந்தது. அவ்வழிவந்த மை எஸ்.கியூ.எல். என்னும் மென்பொருளும், இணையப் பக்கங்களை ஆக்கும் பி.எச்.பி. என்னும் மொழியும் 1995 இல் வெளிப்போந்தன. சிறு தளங்கள் மிகப் பல இன்றும் இவ்விரண்டையும் துணைக்கொண்டே இயங்குகின்றன.

ஒருவர் தளத்திற் பக்கமொன்றை வேண்டுங்கால், பி.எச்.பி. செய்நிரல் தரவுத்தளத்தின் வாயிலிற் சென்று நான்கு விபரங்களைக் கூறுகின்றது: தரவுத்தளம் இருக்கும் இடம், அதன் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல். நான்கும் பொருந்தினாற் கதவு திறக்கும். இந்நான்கும் கோப்பு ஒன்றில் எழுதி வைக்கப்பட்டுள்ளன. அக்கோப்பே நாம் கூறும் திறவுகோல்.

நிற்க. சங்கங்கள் தமக்கெனத் தனிக் கணினி வாங்கித் தளம் நடத்துதல் அரிது. பெரிய சேவையகம் ஒன்றிற் பல தளங்கள் வாடகைக்கு இருக்க, அவற்றுள் ஒன்றாகத் தாமும் அமர்கின்றன. யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணற்றை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. செலவு குறைவு, ஆயின் முறையறிந்து இறைத்தல் வேண்டும். ஒரே வேளையில் இத்தனை இணைப்புகளே திறக்கலாம் என வாடகைக்கு விடுவோர் வரம்பு வகுத்திருப்பர். தேவை முடிந்தும் இணைப்பை மூடாத செய்நிரல், இறைத்து முடிந்தபின்னரும் துலாவை விடாது நிற்பவனை ஒக்கும். அது தன் தளத்தையே முடக்கிவிடும்.

இனி, மாணவர் ஒருவர் வீட்டுக் கணினியிற் செம்மையாக இயங்கிய தளத்தைச் சேவையகத்தில் ஏற்றுகின்றார், இணைப்பு மறுக்கப்படுகின்றது. அங்கே தரவுத்தளத்தின் பெயருக்கும் பயனர் பெயருக்கும் முன்னே கணக்கின் பெயர் ஒட்டப்பட்டிருக்கலாம். தரவுத்தளம் அதே இயந்திரத்தில் இருப்பின் 'லோக்கல்ஹோஸ்ட்' என எழுதலாம். வேறோர் இயந்திரத்தில் இருப்பின் வாடகைக்கு விடுவோர் தரும் பெயரையே எழுதல் வேண்டும். இவற்றை நிதானமாக நோக்காது, எவ்வாறாயினும் இணைந்தாற் போதும் என்னும் அவசரத்தில் அவர் அப்பயனருக்கு எல்லா உரிமைகளையும் வழங்குகின்றார். பிழைச் செய்திகளைப் பக்கத்திலேயே தோன்றச் செய்கின்றார். கடவுச்சொல் உள்ள கோப்பின் பிரதியொன்றை வேறு பெயரிட்டுப் பொதுக் கோப்புறையில் விட்டுவிடுகின்றார். பெயரின் ஈறு மாறிய அப்பிரதியைச் சேவையகம் செய்நிரலெனக் கொள்ளாது, கேட்போர்க்கெல்லாம் வெறும் எழுத்தாகவே எடுத்து நீட்டக்கூடும். தளம் இயங்குகின்றது, யாவரும் பாராட்டுகின்றனர், கதவு திறந்து கிடப்பதை எவரும் உணர்வதில்லை.

எமக்கு நேர்ந்ததொன்றைக் கூறுவாம். நாம் நிருவாக சபையில் இருந்த சிறு சங்கம் ஒன்றின் தளத்தை அன்பர் ஒருவர் கைம்மாறு கருதாது அமைத்துத் தந்தார். கணக்கு அவர் பெயரில் இருந்தது. வாடகையும் அவரே செலுத்தினார். அவர் வேறு நாடு சென்றார். மின்னஞ்சல் முகவரியும் மாறிற்று. வாடகை தவறவே தளம் அழிக்கப்பட்டது. சபையாரிடம் எஞ்சியது ஈராண்டு பழைமையான ஒரு பிரதி. அதனைத் திறந்தபோது, தமிழிற் பதிந்த பெயர்கள் இருக்கவேண்டிய இடமெங்கும் வினாக்குறிகளே வரிசையாக நின்றன. போரினாற் பல தேசங்களிற் சிதறிய எம்மவருட் சிலரை மீண்டும் தேடிக் கண்டுபிடித்தோம், சிலரைக் கண்டிலோம். அவ்வன்பரைக் குறைகூற எமக்கு நாவெழவில்லை. ஒருவர் தோளில் முழுப் பாரத்தையும் ஏற்றிவிட்டு வாளாவிருந்த குற்றம் எம்முடையதே.

வினாக்குறிகளுக்கு ஏது யாதெனின், மை எஸ்.கியூ.எல். நெடுங்காலம் இலத்தீன் எழுத்துத் தொகுதியையே இயல்பாகக் கொண்டிருந்தது. உலக மொழிகள் அனைத்தையும் ஏற்கும் தொகுதி 2018 இல் வந்த 8.0 பதிப்பிலேயே இயல்பாயிற்று. அட்டவணையிலும் இணைப்பிலும் அதனை வெளிப்படக் கூறாவிடின் தமிழெழுத்து வினாக்குறியாகப் பதியப்படலாம். அவ்வாறு பதிந்தது மீளாது.

ஆதலின் எமது கருத்து இது: இணைப்பு இயங்கியதும் பணி முடிந்ததென்று எண்ணற்க. திறவுகோற் கோப்பு பொதுக் கோப்புறைக்கு வெளியே இருத்தல் வேண்டும். செய்நிரல் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பயனரை அமைத்து, வாசித்தல், எழுதுதல், திருத்துதல் போன்ற வேண்டிய உரிமைகளை மட்டும் வழங்குக. அட்டவணையையே அழிக்கும் உரிமை நாளாந்தப் பணிக்கு வேண்டா. படிவத்தில் ஒருவர் இடும் சொற்களைக் கட்டளையோடு ஒட்டி அனுப்பாது, கட்டளையை முன்னரே ஆயத்தஞ்செய்து சொற்களைத் தனியே அனுப்புக. அன்றேல் படிவத்தின் வழியே கள்வன் தன் கட்டளையைப் புகுத்துவான். பழைய இணைப்பு முறை 2015 இல் வந்த பி.எச்.பி. 7 இல் முற்றாக நீக்கப்பட்டமையாற் பழைய பாடக்குறிப்புகளைப் பார்த்து எழுதுதல் தகாது. தரவுத்தளத்தின் பிரதியைச் சேவையகத்துக்குப் புறம்பே ஈரிடத்தில் வைத்து, அதனைத் திறந்தும் பார்த்தல் வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது இழந்த ஏடுகளை நினைப்போர்க்கு, ஒரு பிரதியையே நம்பியிருத்தலின் துயரை நாம் எடுத்துரைத்தல் மிகை.

பங்குக் கிணறே குற்றம், தனியே மெய்நிகர் சேவையகம் ஒன்றை வாடகைக்கு எடுத்தால் இடர் தீரும் என்பாரும் உளர். இடவசதியும் சுதந்திரமும் அதிற் கூடுதல் என்பது உண்மையே. ஆயின் தனிக் கிணற்றைத் தூர்வாருபவனும் தானே ஆதல் வேண்டும். மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தல், தரவுத்தளத்தின் 3306 என்னும் வாயிலை வெளியாருக்கு அடைத்தல் முதலியன அப்போது சங்கத்தின் தலையிலே விழும். அவற்றைச் செய்ய ஆளில்லாத சங்கத்துக்கு ஒழுங்காக நடத்தப்படும் பங்குக் கிணறே மேல்.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. சட்டத்திற்கு அஞ்சி மட்டுமன்று, எம்மை நம்பித் தம் விபரங்களைத் தந்தோர் பொருட்டும் இக்கடமை எமக்குண்டு. தனாதிகாரி ஆண்டுதோறும் கணக்கறிக்கை சமர்ப்பிக்கின்றார். அவ்வண்ணமே தளத்தின் கணக்கு சங்கத்தின் பெயரில் உளதா, திறவுகோல் இரு பதவியாளரிடம் உளதா, பதவி மாறியபோது கடவுச்சொல்லும் மாறியதா, பிரதி இறுதியாக என்று எடுக்கப்பட்டது என்பனவற்றை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அறிக்கையாக வைத்தல் வேண்டுமென விதி செய்க. தகவல் தொழில்நுட்பம் பயிலும் மாணவரை ஆசிரியர் மேற்பார்வையில், உண்மை விபரங்கள் நீக்கிய பிரதியில் இவற்றைப் பயில விடுக.

எமக்கு முன்னிருந்தோர் அவ்விடாப்பை அலுமாரியிற் பூட்டிக் காத்து எம்மிடம் தந்தனர். அடுத்த விழாவை நடத்துவோர்க்கு நாமும் அதனைப் பெயர் ஒன்றும் குறையாது கையளிப்போமாக.