கூலி கேட்பது கொள்ளையா?

மிரட்டிப் பணம் பறிப்பவன் என்றதும் கத்தியைக் காட்டி மாமூல் வாங்கும் ரவுடிதான் உங்கள் கண்முன் வருவான். அமெரிக்காவில் வேலைநிறுத்தத்தில் அடிதடி செய்த தொழிலாளியையும் அதே பட்டியலில் சேர்க்கத் துடிக்கிறது ஒரு கூட்டம்.

முதலில் பழைய கதையைக் கேளுங்கள். நியூயார்க் நகருக்குள் சரக்கு ஏற்றி வந்த வெளிமாநில லாரிகளை 807ஆம் எண் ஓட்டுநர் சங்கத்தார் வழிமறித்தார்கள். பெரிய லாரிக்கு 9.42 டாலர், சிறியதற்கு 8.41 டாலர் எடு என்றார்கள். அது ஒரு நாள் கூலி. சிலர் காசை வாங்கிக்கொண்டு லாரியை ஓட்டிக் கொடுத்தார்கள். சிலரோ ஒரு துரும்பையும் நகர்த்தாமல் காசை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இது கூலியா? பகல் கொள்ளை! வியாபாரிகளான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தில் கூலிக்கு விலக்கு இருந்தது. அதை வைத்து 1942இல் உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் சாய்ந்தது. கொதித்துப்போன நாடாளுமன்றம் 1946இல் ஹாப்ஸ் சட்டத்தைக் கொண்டுவந்தது. 20 ஆண்டு வரை சிறை!

பிறகு லூசியானாவில் ஒரு மின் நிறுவனத்தில் வேலைநிறுத்தம். டிரான்ஸ்பார்மர்களைச் சுட்டார்கள், துணை மின்நிலையத்தைத் தகர்த்தார்கள் என்று வழக்கு. 'என்மன்ஸ்' எனப்படும் இவ்வழக்கில் 1973இல் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. செய்யும் வேலைக்குத்தானே கூடுதல் கூலி கேட்டார்கள்? அது பணம் பறிப்பு ஆகாது. வன்முறையைத் தண்டிக்க மாநிலச் சட்டம் இருக்கிறது என்றது நீதிமன்றம்.

இந்தத் தற்காப்பைப் பிடுங்கத்தான் 1997இல் செனட் சபைக்கு ஒரு மசோதா வந்தது. பின்னரும் பலமுறை வந்தது. நிறைவேறவில்லை.

குண்டு வைப்பவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவன் தண்டிக்கப்பட்டே ஆக வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் எதற்கு? பிலடெல்பியாவில் 2012இல் கட்டுமானத்தில் இருந்த ஒரு வழிபாட்டு இல்லத்துக்குத் தீ வைத்த வழக்கில், இரும்புக் கட்டுமானத் தொழிலாளர் சங்கத் தலைவருக்கு 2015இல் 19 ஆண்டுக்கும் மேல் சிறை கிடைத்தது. இருக்கிற சட்டத்திலேயே!

அமைதியான மறியலின்போது ஏற்படும் சிறு காயத்துக்கும் சிறு சேதத்துக்கும் மசோதாவில் விலக்கு உண்டு என்கிறார்கள். உண்மைதான். ஆனால் தள்ளுமுள்ளில் ஒருவன் கை முறிந்தால் அது சிறிய காயமா, பெரியதா? வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முதலில் முடிவு செய்பவர் மத்திய அரசின் வழக்கறிஞர். மாநில நீதிமன்றத்தில் அடிதடி வழக்காக முடிய வேண்டியது, அவர் நினைத்தால் 20 ஆண்டு வழக்காகிவிடும். அந்த அச்சத்தோடு எந்தத் தொழிலாளி மறியலுக்கு வருவான்?