கதை புரியலையா... கவலையை விடுங்க! ஹிப்பி டிடெக்டிவின் 'இன்ஹெரன்ட் வைஸ்'

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, "உனக்கு ஏதாவது புரிஞ்சுதா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லக் கேட்கவைக்கும் படங்கள் சில உண்டு. 2014-ல் வெளியான ஹாலிவுட் படம் 'இன்ஹெரன்ட் வைஸ்' அந்த வரிசையில் முதல் பெஞ்ச். 148 நிமிடம் ஓடும் இந்த டிடெக்டிவ் கதையில் யார் யாரைக் கடத்தினார்கள், யார் யாருக்காக வேலை பார்க்கிறார்கள் என்பதை ஒரே தடவையில் பிடித்துவிட்டவர்கள் கில்லாடிகள்தான். ஆனாலும் பார்க்க ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த மனசு வராது. ஏன்?

மூன்று கேஸ், முந்நூறு குழப்பம்!

வருடம் 1970. கலிஃபோர்னியாவின் கடற்கரையோரம் கோர்டிட்டா பீச் என்று ஒரு கற்பனை ஊர். அங்கே வசிக்கும் தனியார் டிடெக்டிவ் 'டாக்' ஸ்போர்டெல்லோ (வாக்கின் ஃபீனிக்ஸ்). கன்னம் முழுக்க இறங்கிய கிருதா, கலைந்த தலை, எந்நேரமும் கஞ்சாப் புகை. ஒருநாள் இரவு அவருடைய முன்னாள் காதலி ஷாஸ்டா (கேத்ரின் வாட்டர்ஸ்டன்) வீடு தேடி வருகிறார். ஷாஸ்டா இப்போது பழகுவது மிக்கி உல்ஃப்மேன் என்ற ரியல் எஸ்டேட் கோடீஸ்வரருடன். மிக்கியின் மனைவியும் அவருடைய காதலனும் சேர்ந்து மிக்கியை மனநல மருத்துவமனையில் தள்ளிவிட்டு, சொத்தைச் சுருட்டத் திட்டம் போடுகிறார்கள். 'ஏதாவது செய்யேன்' என்று கேட்டுவிட்டுப் போகிறார் ஷாஸ்டா. அடுத்து மிக்கியைக் காணோம். ஷாஸ்டாவையும் காணோம்.

இது முதல் கேஸ். சிறையிலிருந்து வெளியே வந்த தாரிக் கலீல், தனக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் ஒருவரைத் தேடச் சொல்கிறார். அந்த ஆள் மிக்கியின் பாடிகார்டு. தேடிப்போன இடத்தில் மண்டையில் அடிவாங்கி மயங்கும் டாக் கண் விழித்தால், பக்கத்தில் அதே ஆளின் பிணம். சுற்றிலும் போலீஸ்! மூன்றாவதாக வருகிறார் ஹோப் என்ற இளம்பெண். 'என் கணவர் கோய் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை' என்கிறார்.

இந்த மூன்று கேஸ்களையும் தொட்டுக்கொண்டு 'கோல்டன் ஃபேங்' என்று ஒரு பெயர் அடிபடுகிறது. அது ஒரு கப்பலா, போதைக் கடத்தல் கும்பலா, பல் டாக்டர்களின் கூட்டமைப்பா? மூன்றுமேதான் என்கிறது படம். இடியாப்பச் சிக்கல்!

ஹீரோவுக்கே புரியலை!

வழக்கமான டிடெக்டிவ் கதைகளில் ஹீரோவுக்கு நம்மைவிட நாலு விஷயம் அதிகம் தெரிந்திருக்கும். க்ளைமாக்ஸில் எல்லோரையும் உட்காரவைத்து, 'நீதான் கொலைகாரன்' என்று விரலை நீட்டுவார். இங்கே டாக் கிட்டத்தட்ட எல்லாக் காட்சிகளிலும் இருக்கிறார். அவருக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். அவர் தலைக்குள்ளோ ஒரே புகைமூட்டம். யாராவது முக்கியமான தகவல் சொன்னால் சின்ன நோட்டில் எதையோ கிறுக்குகிறார். எதிரே இருப்பது நிஜமா, போதையில் தெரிகிற பிம்பமா என்பதே சில இடங்களில் அவருக்குச் சந்தேகம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல நாமும் அவர் பின்னாலேயே போகிறோம்.

இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சனுக்குக் கதை சொல்லத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். 'தேர் வில் பி பிளட்', 'தி மாஸ்டர்' எடுத்தவர். பொதுவெளியில் முகம் காட்டாத எழுத்தாளர் தாமஸ் பின்ச்சன் 2009-ல் எழுதிய நாவல்தான் இந்தப் படம். பின்ச்சனின் நாவல் ஒன்று சினிமாவானது அதுவே முதல்முறை.

டிடெக்டிவ் படங்களில் இந்தக் குழப்பம் புதிதும் அல்ல. 1946-ல் வந்த 'தி பிக் ஸ்லீப்' படத்தைப் பற்றி ஒரு பிரபலமான கதை உண்டு. 'கார் டிரைவரைக் கொன்றது யார்?' என்று படக்குழுவுக்கே சந்தேகம் வந்து, நாவலை எழுதிய ரேமண்ட் சாண்ட்லருக்குத் தந்தி அடித்துக் கேட்டார்களாம். 'எனக்கும் தெரியாது' என்றாராம் அவர்! அந்தப் படம் இன்றைக்கும் கிளாசிக். 1998-ல் கோயன் சகோதரர்கள் எடுத்த 'தி பிக் லெபோவ்ஸ்கி'யிலும் ஒரு தரைவிரிப்புக்கு நியாயம் கேட்கப் போய், கடத்தல் கேஸில் மாட்டிக்கொள்வார் கஞ்சா ஹீரோ. அங்கேயும் யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது சிக்கல்தான். ரசிகர்கள் ஹீரோவைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

கண்ணுக்கும் காதுக்கும் விருந்து

அப்படியென்றால் எதை ரசிப்பது? முதலில் அந்த நிறங்களை. ராபர்ட் எல்ஸ்விட் டிஜிட்டலைத் தவிர்த்து ஃபிலிமில் எடுத்திருக்கிறார். வெயிலில் கிடந்து லேசாக வெளுத்த பழைய போட்டோ ஆல்பம் மாதிரி இருக்கிறது ஒவ்வொரு ஃப்ரேமும். மார்க் பிரிட்ஜஸின் உடைகளுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. தழுவல் திரைக்கதைக்கும் பரிந்துரை. பின்னணி இசை, 'ரேடியோஹெட்' குழுவின் கிடாரிஸ்ட் ஜானி கிரீன்வுட்.

அப்புறம் சிரிப்பு. டாக்கைத் துரத்திக்கொண்டே இருக்கும் போலீஸ் டிடெக்டிவ் 'பிக்ஃபுட்' (ஜோஷ் ப்ரோலின்) ஹிப்பி என்றாலே எரிந்து விழுபவர். ஆனால், மிக்கியின் வீட்டுமனை விளம்பரத்துக்காக டி.வி-யில் தலையில் விக் வைத்து ஹிப்பியாகவே வருவார்! ஜப்பானிய ஹோட்டலில் உட்கார்ந்து, 'இன்னும் கொண்டு வா' என்று பேன்கேக்குக்காக அவர் கத்தும் காட்சிக்கு எந்தக் கதைச்சுருக்கமும் தேவையில்லை. பின்னால், அவருடைய பார்ட்னர் எப்படி இறந்தார் என்று தெரியவரும்போது அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கும்.

மழைக் காட்சி ஒன்று இருக்கிறது. டாக்கும் ஷாஸ்டாவும் காதலர்களாக இருந்த காலம். கஞ்சா கிடைக்கும் என்று நம்பி ஒரு முகவரியைத் தேடி மழையில் ஓடுகிறார்கள். அங்கே இருப்பது வெறும் காலி மனை. இருவரும் சிரித்துக்கொண்டே ஒதுங்குகிறார்கள். பிற்பாடு டாக் அதே இடத்துக்குத் தனியாகப் போகிறார். காலி மனையில் இப்போது ஒரு கட்டடம் நிற்கிறது. கோல்டன் ஃபேங் கட்டடம்!

இதைக் கவனித்தால் மொத்தப் படத்துக்கும் ஒரு சாவி கிடைக்கிறது. தாரிக் சிறையிலிருந்து வந்து பார்த்தபோது, அவர் வாழ்ந்த தெருவே இல்லை. அங்கே மிக்கியின் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருக்கிறது. எல்லோருடைய பழைய இடமும் யாரோ ஒருவரின் மனையாகிறது. 1969 ஆகஸ்ட்டில் நடந்த மேன்சன் கும்பல் கொலைகளுக்குப் பிறகு, நீளமான முடி வைத்தவர்கள் எல்லோரையும் ஊர் சந்தேகமாகப் பார்த்தது. அன்பு, சமாதானம் என்று ஆரம்பித்த ஹிப்பி காலம் முடிந்துகொண்டிருந்தது. படத்தின் தலைப்பும் அதைத்தான் சொல்கிறது. 'இன்ஹெரன்ட் வைஸ்' என்பது இன்ஷூரன்ஸ் துறையின் சொல். வெளியிலிருந்து யாரும் கெடுக்காமல், தன் இயல்பாலேயே ஒரு பொருள் கெட்டுப்போவது. அதற்கு இழப்பீடு கிடைக்காது.

பிடித்துக்கொள்ள ஒரு நூல் (ஸ்பாய்லர் அலர்ட்!)

முதல்முறை பார்ப்பவர்கள் மிக்கியையும் கோல்டன் ஃபேங்கையும் விட்டுவிடலாம். கோய் கதையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கோய் (ஓவன் வில்சன்) ஒரு சாக்ஸபோன் கலைஞர். அவரும் ஹோப்பும் ஹெராயினுக்கு அடிமையாக இருந்தவர்கள். தாய்ப்பால் வழியாக அந்த விஷம் குழந்தைக்கும் போயிருக்கிறது. அந்தக் குழந்தையின் போட்டோவைப் பார்த்ததும் டாக் அலறிவிடுகிறார். காமெடியாக எடுக்கப்பட்ட அலறல்தான், ஆனால் மனதில் தங்கிவிடும். போதையை விட்டு மீண்டு வந்த கோய், இன்ஃபார்மர் வேலையில் சிக்கி, இறந்தவராகவே வாழ்ந்துகொண்டிருக்கிறார். மனைவி, மகளிடம் திரும்ப வழியில்லை.

பெரிய கேஸில் டாக் எதையும் மாற்றவில்லை. சம்பாதித்ததற்குப் பரிகாரமாக வீடுகளை இலவசமாகக் கொடுக்க நினைத்த மிக்கி, 'சரிசெய்யப்பட்டு' பழைய கோடீஸ்வரராகவே திரும்புகிறார். கும்பல் அப்படியே இருக்கிறது. ஆனால், கடைசியில் கும்பலின் ஹெராயின் சரக்கு டாக்கின் கைக்கு வருகிறது. அதைத் திருப்பிக் கொடுக்கப் பணம் கேட்டிருக்கலாம். கொடுப்பதற்குத் தயாராகவும் இருக்கிறார்கள். டாக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கோயை விட்டுவிடுங்கள்!

கோயை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, கதவு திறப்பதைக் காருக்குள்ளிருந்தே பார்க்கிறார் டாக். வசனம் இல்லாத அந்தச் சில நொடிகள்தான் உண்மையான க்ளைமாக்ஸ். ஊரை ஆட்டிப்படைக்கிறவர்கள் யார் என்று அவருக்கு முழுசாகப் புரியவில்லை. ஒரு குழந்தைக்கு அப்பா வேண்டும் என்பது புரிந்தது.

எப்படிப் பார்க்கலாம்?

இது பெரியவர்களுக்கான படம். போதை, பாலியல் காட்சிகள் நிறைய இருப்பதால் குழந்தைகளோடு பார்க்க வேண்டாம். மொபைலை ஓரம் வைத்துவிட்டுப் பாருங்கள். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், விக்கிப்பீடியாவை இடையில் திறக்கவும் வேண்டாம். இரண்டாவது முறை பார்க்கும்போது பாதி முடிச்சுகள் தானாக அவிழும். மீதிப் பாதி? அதை டாக்கே அவிழ்க்கவில்லை, விடுங்கள்!