பியருக்கு மாஷ்: எந்த முறை லாபம்?

காளவாசல் பக்கம் வெயிலுக்குக் கம்பங்கூழ் குடிப்பவரிடம் போய், இதுவும் பியரும் தூரத்துச் சொந்தம் என்றால் அடிக்க வருவார். ஆனால் உண்மை அதுதான். இரண்டுமே தானியமும் தண்ணீரும் சேர்ந்து புளிப்பவை. பியரில் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. அதன் பெயர் மாஷ்.

முளைகட்டிக் காயவைத்த தானியம்தான் மால்ட். அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால், முளையில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத்தான் தின்னும், மாவைத் தின்னாது. அதனால் மாஷ் சரியில்லை என்றால் பியரே இல்லை.

வீட்டில் பியர் செய்யும் வெளிநாட்டுக்காரர்கள் மூன்று முறைகளை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

முதலாவது, ஒரே சூடு. 65 முதல் 67 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் மூடி வைத்தால் போதும். இரண்டாவது, படிப்படியாக 50, 62, 72 என்று ஏற்றுவது. மூன்றாவது, டிகாக்ஷன். (காபி ஞாபகம் வேண்டாம்!) கலவையில் ஒரு பங்கை எடுத்துக் கொதிக்கவைத்து, திரும்ப ஊற்றிச் சூட்டை ஏற்றுவது. ஜெர்மனி, செக் நாட்டுப் பழக்கம். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில், மால்ட்டும் சுமாராக இருந்தபோது, அது புத்திசாலித்தனம்.

இன்று விற்கும் பார்லி மால்ட்டுக்கு முதல் முறையே தாராளம். டிகாக்ஷனில் கொஞ்சம் வாசனை கூடலாம் என்பார்கள். அதற்கு ஆகும் கேஸையும் நேரத்தையும் கணக்கில் எழுதிப் பார்த்தால், புதிதாகத் தொடங்குபவருக்கு அது நஷ்டக் கணக்குதான். ஒரு பெரிய பாத்திரம், ஒரு துணிப்பை, ஒரு தெர்மாமீட்டர். இதுவே முதலீடு. முடிவில் ஒரு கரண்டி எடுத்து ஒரு சொட்டு அயோடின் விட்டால், நீலமானால் மாவு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். (சோதித்ததைக் கொட்டிவிட வேண்டும்.)

ஆனால் தானியம் மாறினால் முறையும் மாற வேண்டும். பலவகை அரிசியின் மாவு இளக 70 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் நொதி வெகுநேரம் தாங்காது. என்ன செய்வது? பெரும்பாணாற்றுப்படையில் விடை இருக்கிறது. அரிசியைக் களியாகக் கிண்டி, அகன்ற தட்டில் ஆற்றி, பிறகு இடித்த நெல்முளையைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவைத்தார்கள் என்கிறது பழைய உரை. முதலில் வேகவை, ஆறிய பின் முளையைச் சேர். அரிசி சேர்க்கும் பெரிய ஆலைகளும் அரிசியைத் தனியே வேகவைத்துத்தான் மாஷில் கலக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. வீட்டு பியருக்கு பிரிட்டன் 1963-ல் லைசென்ஸை நீக்கியது. அமெரிக்கா 1978-ல் சட்டம் போட்டு அனுமதித்தது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அயல்நாட்டில் இருக்கும் நம்மவர்கள் முழுதாகச் செய்து பார்க்கட்டும். இங்கே இருப்பவர்கள், முளைகட்டிக் காயவைத்த, வறுக்காத கேழ்வரகு மாவை 65 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். வறுத்தால் நொதி செத்துவிடும். கஞ்சி நீர்த்து, சர்க்கரை போடாமலே இனிக்கும். அன்றே குடித்துவிட்டால் எந்தச் சட்டமும் கேட்காது.