மீன் கெஞ்சினால் டப்பாவைத் திறக்காதீங்க!

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு நாலாம் நாள் ராத்திரி வந்து கதவைத் திறந்தேன். ஹால் முழுக்க அழுகல் வாடை. லைட்டைப் போட்டால், மீன்தொட்டித் தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்துக் கிடந்தது. 14 மீன்களில் 11 செத்துவிட்டன.

சாவியை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். முழு டப்பாவை அவன் கையில் கொடுத்து, “தினமும் சாப்பாடு போடு கண்ணா” என்று சொன்னது நான்தான். எவ்வளவு என்று சொல்லவில்லை. டப்பாவில் பாதி காலி. அடுத்த இரண்டு வாரம் அவன் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. படிக்கட்டில் என்னைப் பார்த்தால் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

ஒருநாள் நானே போய்க் கேட்டேன். “அக்கா, அதுங்க பசிக்குதுன்னு கண்ணாடிகிட்ட வந்து கேட்டுச்சு. அதான் போட்டேன்” என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. மீன் கேட்கத்தான் செய்யும். ஆள் நிழலைப் பார்த்தாலே கண்ணாடியை நோக்கி ஓடிவரும், அப்போதுதான் சாப்பிட்டிருந்தாலும் சரி. உண்மையில் ஆரோக்கியமான பெரிய மீன்கள் நாலைந்து நாள் சாப்பாடே இல்லாமல் தாக்குப்பிடிக்கும். அந்தச் சாவியை நான் கொடுத்திருக்கவே வேண்டாம்.

மீன்களைக் கொன்றது அவை தின்ற சாப்பாடு அல்ல, தின்னாமல் விட்டது. மிச்சம் அடியில் அழுகி அம்மோனியாவாக மாறும். அதை அழுக வைக்கும் பாக்டீரியா தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் வெளுத்ததும் அந்த பாக்டீரியா பெருகியதால்தான். பிழைத்த மூன்றில் இரண்டு, அடியில் திரியும் கோரிடோரஸ். மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலாலேயே சுவாசிக்கத் தெரிந்த மீன் அது. மூன்றாவது, வாலில் ஓட்டை விழுந்த ஒரு கப்பி.

அதனால் அளவு முதலில். ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடத்துக்குள் தின்று தீர்ப்பதை மட்டும் போடுங்கள். விரல் நுனியில் ஒட்டுகிற அளவில் தொடங்கி, தீர்ந்தால் இன்னும் கொஞ்சம். பத்து மீன் இருக்கும் சின்னத் தொட்டிக்கு ஒரு சிட்டிகையே அதிகம்.

அடுத்தது, யாருக்கு என்ன என்பது. மீனின் வாயைப் பாருங்கள், பாதி விஷயம் புரிந்துவிடும். கப்பி, மோலிக்கு வாய் மேல்நோக்கி இருக்கும். மிதக்கிற ஃப்ளேக்ஸ் அவர்களுக்கு. நியான் டெட்ராவுக்கு நேர் வாய், அதுவும் பொடி வாய். மெல்ல இறங்கும் பொடி பெல்லட்டை நடுத்தண்ணீரில் பிடித்துத் தின்னும். கோரிடோரஸுக்கு வாய் கீழே. மூழ்கும் மாத்திரை தனியாகப் போடாவிட்டால் பட்டினிதான். மேலே இருப்பவர்கள் பறிக்காமல் இருக்க, லைட்டை அணைத்தபிறகு போடுவது நல்லது.

‘சக்கர் மீன் அழுக்கைத் தின்று தொட்டியைச் சுத்தம் பண்ணிடும்’ என்று கடையில் சொல்லியே விற்கிறார்கள். கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டும், அவ்வளவுதான். மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. பாசி தீர்ந்ததும் அதற்கும் சாப்பாடு வேண்டும். இன்னொன்று, அது ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். நம் ஊர் நீர்நிலைகளில் ஏற்கெனவே அதுதான் பெரிய தொல்லை.

டப்பா வாங்கும்போது விலைக்கு முன்னால் பின்பக்கத்தைப் படியுங்கள். பட்டியலில் முதலில் மீன் தூளோ இறாலோ இருக்க வேண்டும், கோதுமை மாவு அல்ல. கவரில் கட்டி விற்கும் உதிரித் தீனியில் தேதியே இருக்காது. பெரிய டப்பா மலிவு என்று நானும் வாங்கியிருக்கிறேன். திறந்து சில மாதத்தில் அதிலுள்ள வைட்டமின் சி போய்விடும். சின்ன டப்பா வாங்கி, ஈரக் கை படாமல் மூடி வையுங்கள்.

ஆனால் நாம் தினமும் மூன்று வேளையும் ரஸ்க் மட்டுமே தின்றால் எப்படி இருக்கும்? வாரத்தில் இரண்டு நாள் மாற்றிக் கொடுங்கள். சமையலறையிலேயே இருக்கிறது. பச்சைப் பட்டாணியை உப்பில்லாமல் வேகவைத்து, தோலை உரித்து நசுக்கினால் மோலியும் கப்பியும் மொய்த்துவிடும். வெள்ளரிக்காயை ஒரு வில்லை நறுக்கி, ஸ்பூனில் குத்தி அடியில் போட்டால் சக்கருக்கு ராத்திரி விருந்து. காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

புரதத்துக்கு, ஃப்ரீசரில் வைத்து விற்கும் ஆர்ட்டீமியா இறால் நல்லது. தூத்துக்குடி உப்பளங்களில் இருக்கும் அதே பொடி இறால்தான். ரத்தப்புழுவும் கொடுக்கலாம். ஆனால் சிலருக்கு அதைத் தொட்டாலே அலர்ஜி வரும், கரண்டியால் எடுங்கள். சாக்கடைச் சேற்றில் வாழும் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவை நான் வாங்குவதில்லை. நோயைக் காசு கொடுத்துக் கூட்டி வருகிற கதை. கொசுப்புழு மீனுக்கு அருமையான சாப்பாடுதான். அதற்காக மொட்டைமாடியில் வாளி வைத்து வளர்த்தால், மிஞ்சினது ஒரே வாரத்தில் கொசுவாகி வீட்டுக்குள் டெங்குவைக் கொண்டுவரும். வேண்டாம்.

கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய நம் பாட்டிகளை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். பொரி, பிரெட், இட்லித் துணுக்கு எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது.

வாரத்தில் ஒருநாள் சாப்பாடே கிடையாது. எங்கள் வீட்டில் அது சனிக்கிழமை, அம்மாவுக்கும் விரதம், மீனுக்கும் விரதம்.

தொட்டியைச் சரிசெய்து, ஒரு மாதம் பொறுத்து, நான்கு புது நியான்களை விட்டேன். கோரிடோரஸ் மாத்திரைக்கு இப்போது எதிர் வீட்டுப் பையன்தான் பொறுப்பு. ஏழு நாள் மாத்திரை டப்பா ஒன்றில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமைப் பெட்டி காலி. போன சனிக்கிழமை அதைத் திறந்து பார்த்துவிட்டு, “அக்கா, ஒண்ணே ஒண்ணு?” என்றான். தலையாட்டி மறுத்தேன். கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து, “நாளைக்குத்தான்” என்று மீன்களிடம் சொல்லிவிட்டுப் போனான்.